மார்க் இருக்கிறது, உத்தியோகம் எங்கே?

அள்ளி அள்ளி மார்க் வாங்கிய பிள்ளை, இன்டர்வ்யூவிலிருந்து முகம் வாடித் திரும்புகிறான். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு அவனைவிட மார்க் குறைவுதான்; அவளுக்கு உத்தரவு வந்துவிட்டது! "எல்லாம் சிபாரிசு" என்று பெருமூச்சு விடுகிறோம். சிபாரிசு உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் வேலை கொடுக்கிறவர்கள் பக்கத்துக் கதையையும் சற்றுக் கேட்கலாமே?

அவர்கள் கணக்கே வேறு. பட்டம் என்பது உள்ளே நுழைய ஒரு சீட்டு, அவ்வளவுதான். நாலு பேருடன் ஒத்துப் போவானா, சொன்னதைக் காதில் போட்டுக்கொள்வானா, தவறு நேர்ந்தால் மறைக்காமல் வந்து சொல்வானா என்பதுதான் அவர்களுடைய விசாரம். இதற்கு 'ஸாஃப்ட் ஸ்கில்ஸ்' என்று பெயர். இந்த மென்மையான பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது யார் தெரியுமா? அமெரிக்க ராணுவம்! இயந்திரத்தைக் கையாளுவது ஒரு திறமை, மனிதர்களைக் கையாளுவது வேறு திறமை என்று 1972ல் ஒரு மாநாடே கூட்டி விவாதித்தார்கள்.

குறை அதற்கும் பழையது. 1918ல் கார்னெகி அறநிறுவனத்துக்காக சார்லஸ் மான் என்பவர், நல்ல என்ஜினீயருக்கு எது முக்கியம் என்று என்ஜினீயர்களையே விசாரித்தார். குணத்துக்கு முதலிடம், தொழில் நுட்பத்துக்குக் கடைசி இடம்!

நம் நாட்டிலும் 2005ல் மக்கின்ஸி நிறுவனம், பன்னாட்டுக் கம்பெனிகளுக்கு ஏற்ற என்ஜினீயர்கள் நூற்றுக்கு 25 பேர்தான் என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. தமிழக அரசு 2022ல் ஆரம்பித்த 'நான் முதல்வன்' திட்டத்தில், தொழிற்பயிற்சியோடு பேச்சுப் பயிற்சியும் சேர்ந்திருக்கிறது.

'குரூப் டிஸ்கஷன்' என்று ஒன்று வைக்கிறார்கள். எட்டுப் பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்து, ஒரு விஷயத்தைக் கொடுத்துப் பேசச் சொல்வார்கள். உரக்கக் கத்துகிறவன் ஜெயித்துவிடுவான் என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். பரீட்சிக்கிறவரோ, வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணை, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்பவர் உண்டா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

முதலாளிமார் எல்லாரும் நியாயஸ்தர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சரளமாக இங்கிலீஷ் பேசினால் போதும், சாமர்த்தியசாலி என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு. கிராமத்துக் கல்லூரியிலிருந்து வரும் பெண், தமிழில் ஊரையே கட்டியாளக் கூடியவளாக இருந்தும், அங்கே திக்கித் திணறி நிற்கிறாள். நஷ்டம் அவளுக்கு மட்டுமா?

நம் வீட்டுப் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். விருந்தாளி ஏதாவது கேட்டால், "அவனுக்குக் கூச்சம்" என்று நாமே முந்திக்கொண்டு பதில் சொல்கிறோம். பாங்க் படிவம் பூர்த்தி செய்ய அப்பா, டாக்டரிடம் வயிற்று வலியை விவரிக்க அம்மா! இருபத்தொரு வயதில், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டால், பாவம், அவன் யாரைத் திரும்பிப் பார்ப்பான்?

அடுத்த முறை காஸ் சிலிண்டர் வராவிட்டால், போனை அவன் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் சமையலறைக்குள் போய்விடுங்கள். நடுவில் மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள்!