மரித்தோருக்கும் ஒரு மருத்துவர்



பிரேதப் பரிசோதனை என்றாலே நம் வீடுகளில் முகம் சுருங்கும். "போன பிறகும் உடம்பை அறுக்கணுமா?" என்று அம்மாமார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் தேட, நியூயார்க் நகரத்தின் மரண விசாரணை மருத்துவர் அலுவலகம் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

1918க்கு முன் அந்நகரில் மரணத்தின் காரணத்தைத் தீர்மானித்தவர்கள் கொரோனர்கள். தேர்தலில் ஜெயித்தால் போதும். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. மதுக்கடைக்காரர், தச்சர், பால்காரர்கூட அந்தப் பதவியில் இருந்தார்கள். லஞ்சமும் புரண்டது. 1918இல் அந்தப் பதவியை ஒழித்து, டாக்டர் சார்லஸ் நோரிஸ் தலைமையில் புதிய அலுவலகத்தைத் தொடங்கினார்கள். நஞ்சுகளை ஆராய அலெக்சாண்டர் கெட்லர் என்ற வேதியியலாளர் அவரோடு சேர்ந்தார்.

பின்னர் மதுவிலக்குக் காலம் வந்தது. தொழிற்சாலை ஆல்கஹாலை யாரும் குடிக்கக்கூடாது என்பதற்காக அதில் நஞ்சு கலக்க அரசே உத்தரவிட்டிருந்தது. ஆனால் அது கள்ளச்சந்தை வழியாக ஏழைகளின் கைக்கு வந்தது. பலர் பார்வை இழந்தார்கள்; பலர் மரித்தார்கள். உடல்களில் கண்டதை நோரிஸ் மூடி மறைக்கவில்லை. அரசின் செயலை வெளிப்படையாகக் கண்டித்து, மக்களை எச்சரித்தார். மரித்தவர்களின் உடல் சொன்ன உண்மை, உயிரோடிருந்தவர்களுக்கு உதவியது.

இன்றும் திடீர் மரணம், விபத்து, கொலை, தற்கொலை என்றால் அந்த அலுவலகம்தான் விசாரிக்கிறது. எல்லா உடலையும் அறுப்பதில்லை. மத நம்பிக்கையின்படி வேண்டாம் என்று குடும்பத்தார் சொன்னால் அதை மதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கொலைச் சந்தேகம் போன்ற வலுவான காரணம் இருந்தால் மட்டுமே அதை மீறிப் பரிசோதனை நடக்கும்.

எங்கள் மனதை அதிகம் தொட்டது வேறொன்று. 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தில் 2,753 பேர் கொல்லப்பட்டார்கள். பலருடைய உடலில் சிறு எலும்புத் துண்டுகளே மிஞ்சின. அவையும் தீயாலும் நீராலும் சிதைந்திருந்தன. அவற்றைப் பொடியாக்கி, டிஎன்ஏ எடுத்து, உறவினர் கொடுத்த மாதிரிகளோடு ஒப்பிடுகிறார்கள். ஒரு முறை முடியாவிட்டால், புதிய நுட்பம் வந்ததும் அதே துண்டை மறுபடி சோதிக்கிறார்கள். 2025 ஆகஸ்டில், ஏறக்குறைய 24 ஆண்டுகள் கழித்து, மேலும் மூவரை அடையாளம் கண்டார்கள். இன்னும் சுமார் 1,100 பேர் மீதி. வேலை நிற்கவில்லை.

மற்றொன்றும் உண்டு. புதிதாக ஏதாவது கண்டுபிடித்தால் சொல்லலாமா, வேண்டாமா என்று குடும்பத்தாரையே கேட்டு வைத்திருக்கிறார்கள். சிலர் ஒவ்வொரு முறையும் அறிய விரும்புகிறார்கள். சிலருக்கு ஆறிய காயத்தைத் திறக்க மனமில்லை. இரண்டுக்கும் அங்கே மரியாதை உண்டு.

இந்த வேலையில் மருத்துவர் மட்டுமல்ல, எலும்பியல் அறிஞர், நச்சியல் அறிஞர், டிஎன்ஏ ஆய்வாளர், சம்பவ இடத்துக்குப் போகும் விசாரணையாளர், குடும்பத்தாரோடு பேசுபவர் என்று பலர் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளை ஒருநாள் "நான் தடயவியல் படிக்கப்போகிறேன்" என்றால், "பிணத்தோடா வேலை?" என்று உடனே தடுத்துவிடாதீர்கள். ஒரு தாய் தன் மகனைப் பெயர் சொல்லி அடக்கம் செய்ய உதவுகிற வேலை அது. உட்கார்ந்து, அவர்கள் சொல்வதை முழுவதும் கேளுங்கள்.