உடையும் உடலும் பேசும் மொழி

இலக்கியத் தொடரொன்றில் சினிமாவுக்கு என்ன வேலை என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையிலிருந்து தொடங்கினால் அந்தக் கேள்வி எழாது என்று நினைக்கிறேன். கண்ணகி பாண்டியனின் அரண்மனை வாசலுக்கு வருகிறாள். அவள் அவையில் வழக்குரைக்கும் முன்பே வாயிற்காவலன் உள்ளே சென்று அவளுடைய தோற்றத்தை மன்னனுக்கு அறிவிக்கிறான். கொற்றவையோ, காளியோ என்று அஞ்சும்படியான தோற்றம். ஆனால் அவர்கள் அல்லள். கணவனை இழந்தவள், கையில் சிலம்பு ஏந்தியவள். அவளது மேனியிற் படிந்த புழுதியையும் விரிந்த கூந்தலையும் கண்ணீரையும் ஒற்றைச் சிலம்பையும் கண்ட அளவிலேயே மன்னன் தோற்றுப்போனான், அவள் சொல் செவியில் விழுந்த பின் உயிரையும் இழந்தான் என்று அந்தக் காதை முடிகிறது. காட்சி முதலில் வெல்கிறது, சொல் பிறகு வருகிறது. இதைப் படமாக்கும் நெறியாளர் ஒப்பனைக்காரருக்கு வேறு குறிப்பு எழுதிக் கொடுக்கத் தேவையில்லை.

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, எட்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைக் கூறினார் தொல்காப்பியர். வடமொழி நாட்டிய நூலார் அபிநயத்தை நான்காகப் பிரித்தனர். உடலசைவு ஆங்கிகம், சொல் வாசிகம், உடை, அணி, ஒப்பனை முதலியன ஆகாரியம், உள்ளத்து நெகிழ்ச்சி வியர்வையாகவும் நடுக்கமாகவும் தோன்றுவது சாத்துவிகம். இந்த நான்கில் ஆகாரியத்தை மட்டுமே கடையில் வாங்க முடியும். அதனால்தானோ என்னவோ, நமது சினிமா அதில் தாராளமாகச் செலவு செய்துவிட்டு மற்றவற்றை மறந்துவிடுகிறது. உடுத்திய துணி உடுத்தியவரின் உடலை என்ன செய்கிறது, உடல் அந்தத் துணிக்கு எப்படிப் பழகியிருக்கிறது என்பது தெரியும்போதுதான் திரையில் ஒரு பாத்திரம் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் ஒலிப்பது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம். திரையில் ஊதுபவர் சிவாஜி கணேசன். பட்டு வேட்டியும் பதக்கமும் யாருக்கும் அணிவிக்கலாம். உப்பும் கன்னமும் புடைக்கும் கழுத்து நரம்பும் மூச்சு வாங்கும் இடமும் சேர்ந்தபோதுதான் சிக்கல் சண்முகசுந்தரம் என்ற வித்துவான் நம் முன் அமர்ந்தார். ‘தேவர் மகன்’ (1992) படத்தில் நீண்ட தலைமுடியுடன் ஊருக்கு வரும் கமல்ஹாசன், தந்தை இறந்த பின் முடியை வெட்டி, மீசை முறுக்கி, வேட்டி உடுத்தி நிற்கும் மாற்றத்தைப் பலரும் பேசியாயிற்று. மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலுமகேந்திராவின் ‘வீடு’ (1988) அந்த அளவுக்குப் பேசப்பட்டதில்லை. அதில் முதியவராக வரும் சொக்கலிங்க பாகவதர், கட்டி முடியாத வீட்டின் சுவரைத் தடவிப் பார்க்கிறார். அந்தக் கை ஒரு நடிகரின் கை என்று எனக்கு இன்றுவரை தோன்றியதில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். தேயிலை மலை தமிழ்ச் சினிமாவுக்கு மிகவும் பிடித்த இடம். பாட்டுக்குப் பாட்டு பச்சைச் சரிவும் அதில் கூடை சுமந்த நாயகியும் வருவார்கள். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுடன் அமர்ந்து அப்படியொரு பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் சிரிப்பு எங்கே எழும் என்று. நாயகி கூடையைப் பாடசாலைப் பை போலத் தோளில் மாட்டியிருப்பார். ஓடும்போது கூடை துள்ளும். அது வெறுங்கூடை என்பதை அந்தத் துள்ளலே காட்டிக் கொடுத்துவிடும்.

எங்கள் பெண்கள் கூடையைத் தோளில் சுமப்பவர்கள் அல்லர். தலையில் மடித்துப் போட்ட துணியின் மேல் கயிறு பதியும், கூடை முதுகில் தொங்கும், பாரத்தைக் கழுத்து தாங்கும். கை இரண்டும் கொழுந்துக்கு வேண்டும் என்பதால் வந்த ஏற்பாடு இது. முழுப் பேர் போடுவதற்குப் பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ அளவுக்குக் கேட்கிறார்கள். நிறை ஏற ஏறத் தலை சற்று முன்னால் நீளும், முதுகு வளையும், கண் செடியின் மட்டத்தைவிட்டு மேலே எழாது. பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலால் பின்னே எறிவார்கள், திரும்பிப் பார்ப்பதில்லை. இடுப்பிலிருந்து கீழே சேலைக்கு மேல் இறுக்கிக் கட்டிய படங்கு, ஈரத்துக்கும் தேயிலைச் செடியின் கீறலுக்கும் தடுப்பு. அது இருப்பதால் அடி நீளமாக விழாது. சரிவு காரணமாகப் பாதம் பக்கவாட்டில் ஊன்றும். இத்தனையும் சேர்ந்து உருவாக்கும் ஒரு நடை இருக்கிறது. படங்கை அவிழ்த்து வைத்தாலும் அந்த நடை உடலோடு தங்கிவிடும். சினிமாவுக்கு உடை தைப்பவர் படங்கைத் தைத்துத் தந்துவிடலாம், நடையை எங்கே தைப்பது?

அதிகாரத்துக்கும் தோட்டத்தில் ஓர் உடை வரிசை இருந்தது. துரைக்கு அரைக் காற்சட்டையும் நீண்ட காலுறையும் தொப்பியும். பெரிய கங்காணிக்குக் கோட்டு, தலைப்பாகை, கடுக்கன், கையில் தடி. துரை வரும் வழியில் தொழிலாளி ஒதுங்கி நின்று, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி, மழையானாலும் குடையை மடக்க வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இங்கே உடையின் பொருள் அதை அணிவதில் மட்டும் இல்லை, களைவதிலும் இருக்கிறது. ஒரு துண்டு தலையிலிருந்து கக்கத்துக்குப் போகும் அந்தக் கணத்தைப் படம் பிடித்தால் நூறு வரி வசனம் மிச்சம்.

பாலாவின் ‘பரதேசி’ (2013) இந்த வகையில் ஊன்றிப் பார்க்க வேண்டிய படம். தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வந்தது. அதைத் தழுவியது இந்தப் படம். உடையமைப்புக்காகப் பூர்ணிமா ராமசாமிக்கு இந்திய தேசிய விருது கிடைத்தது. படத்தின் மாந்தர் பலர் சாக்குத் துணி போன்ற முரட்டு உடையில் வருகிறார்கள். நான் கவனித்தது வேறொன்று. ஊரில் இருக்கும்போது அதர்வாவின் ராசா, தப்படித்துச் சேதி சொல்லும் வேலையில் துள்ளித் திரிகிறான். வறுமைதான், ஆனால் உடல் அவனுடையது. தோட்டத்துக்கு வந்தபின் உடை பெரிதாக மாறுவதில்லை. உடல் மாறிவிடுகிறது. தோள் சுருங்குகிறது, பார்வை நிலத்துக்கு இறங்குகிறது. தப்பியோடிப் பிடிபட்டவனின் கால் நரம்பை அறுத்த பின் எஞ்சுவது நொண்டும் நடை. கடைசியில் பாறை மேலிருந்து அவன் கதறும்போது உடையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. உடையமைப்பின் வெற்றி அது என்றே சொல்வேன்.

அதே படத்தில் எனக்கு உடன்பாடில்லாத விடயமும் உண்டு. நாயகி வேதிகாவின் முகத்தில் கருமை பூசியிருக்கிறார்கள். உழைப்பையும் வறுமையையும் நிறமாக்கிக் காட்டும் இந்தப் பழக்கம் தமிழ்ச் சினிமாவில் புதிதன்று. மலையில் எல்லா நிறத்திலும் பெண்கள் இருக்கிறார்கள். வேலை எழுதிவிட்டுப் போவது முகத்தில் அல்ல, விரலில். கொழுந்தின் சாறு விரல் இடுக்கில் ஊறி ஊறிக் கறுத்துவிடும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

இது ஏட்டுச் சண்டை அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்த் தினப் போட்டிக்கு எங்கள் மாணவர்கள் தோட்ட வாழ்வு பற்றிய நாடகமொன்றைப் பழகினார்கள். ஒப்பனைப் பொறுப்பிலிருந்த பிள்ளைகள் கிழிந்த சேலையும் கரித்தூளும் கொண்டுவந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் லயத்திலிருந்து வருபவர்கள்தான். கொழுந்து பறிக்கும் பெண்ணாக நடிக்கவிருந்த மாணவி அவற்றைத் தொடவில்லை. “எங்கம்மா கிழிஞ்சத கட்டிக்கிட்டு மலைக்கிப் போறதில்ல சேர்” என்றாள். குரலில் கோபம் இருந்ததா, வெட்கம் இருந்ததா என்று பிரித்தறிய முடியவில்லை. அடுத்த நாள் தாயின் படங்கைக் கொண்டுவந்து, எப்படி இழுத்துச் செருக வேண்டும் என்று காட்டினாள். பிறகு கூடை இல்லாமலே, இருப்பதாகப் பாவித்து, இரண்டு கையாலும் பறித்துத் தோளுக்கு மேலால் எறிந்து காட்டினாள். சத்தம் போட்டுக்கொண்டிருந்த வகுப்பு அடங்கிவிட்டது. கரித்தூள் டப்பா அப்படியே மேசையில் கிடந்தது.

தங்கள் தாயைத் தாங்களே கிழிசலாக நினைத்துக்கொள்ள இந்தப் பிள்ளைகளுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? அவர்கள் கண்ட படங்களுக்கு இதில் பங்கில்லை என்று என்னால் சொல்ல முடியாது. நம் நாட்டிலேயே முயற்சிகள் நடந்தன. 1963இல் ‘தோட்டக்காரி’ வந்தது. தோட்டத் தொழிற்சங்கவாதியான வி.பி. கணேசன் நடித்துத் தயாரித்த ‘புதிய காற்று’ 1975இல் வெளியானது. அதன் எழுத்தில் பங்குகொண்டவர் பதுளை மாவட்டத் தோட்டமொன்றில் பிறந்து 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப். லயத்தின் வாசலும் கொழுந்து மடுவமும் அவருக்கு எவரும் சொல்லித் தெரிய வேண்டியதாக இருக்கவில்லை. 1983 வன்செயலில் இலங்கைத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் பிரதிகள் அழிந்தன. எங்கள் மாணவருக்குத் திரையில் கிடைக்கும் மலை பெரும்பாலும் நீலகிரியாகவோ மூணாறாகவோ இருக்கிறது. அங்குள்ள பெண்களும் உழைப்பவர்களே. படம் எடுப்பவர்கள் அவர்களையும் அருகில் போய்ப் பார்ப்பது குறைவு.

சம்பளம் போட்ட பின் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பண்டாரவளைக் கடைத்தெருவில் நின்று பாருங்கள். நல்ல சேலை, பூ, கைப்பை, புதுச் செருப்பு. உடையைக் கொண்டு யார் நகரத்தவர், யார் தோட்டத்தவர் என்று பிரிக்க முடியாது. அண்மையில் ஒரு மரக்கறிக் கடையில் எனக்கு முன்னால் ஓர் அம்மா போஞ்சி தெரிந்துகொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வயது. மற்றவர்கள் ஒரு கையில் பையைப் பிடித்து மறு கையால் பொறுக்க, அவர் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் ஒரே வேகத்தில் பொறுக்கினார். முற்றியது ஒன்றுகூட அந்த விரல்களில் அகப்படவில்லை. கடைக்காரர் நிறுத்து முடிக்கும்வரை தராசு முள்ளைவிட்டு அவர் கண்ணை எடுக்கவே இல்லை.