உங்களுக்குத் தெரியுமா? காதைப் பொத்திக்கொள்ளும் ஜூலியா

செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கச் சிறுவர் பொம்மைத் தொடரில் வரும் நாலு வயது ஜூலியாவுக்கு ஆட்டிசம் உண்டு. 2015-ல் இணையக் கதைப்புத்தகத்தில் அறிமுகமான இந்தப் பொம்மை, 2017 ஏப்ரல் 10 அன்று தொலைக்காட்சிக்கு வந்தது.

அந்த முதல் நிகழ்ச்சியில் பிக் பேர்ட் என்ற மஞ்சள் பறவை ஜூலியாவுக்கு வணக்கம் சொல்கிறது. அவள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. தன்னைப் பிடிக்கவில்லையோ என்று பறவைக்கு முகம் வாடிவிடுகிறது. அவளுக்கு ஆட்டிசம் இருக்கிறது, பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும் என்று ஆலன் என்ற பெரியவர் எடுத்துச் சொல்கிறார். அப்புறம் தொட்டுப்பிடித்து விளையாட்டு. உற்சாகம் வந்தால் ஜூலியா குதிப்பாள். உடனே மற்றவர்களும் குதித்துக் குதித்தே தொட்டு விளையாடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: அவளை மாற்றவில்லை, ஆட்டத்தை மாற்றிக்கொண்டார்கள்.

சைரன் கேட்டால் ஜூலியா காதைப் பொத்திக்கொள்வாள். நம் மதுரைப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். சித்திரைத் திருவிழாவில் வேட்டும் கொட்டும் ரேடியோ செட்டும் ஒன்றாக அதிரும்போது, அப்பா தோளில் காதைப் பொத்தியபடி வீறிடும் பிள்ளையை நாம் பார்த்திருக்கிறோம். அது அடமில்லை. சில பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் தாங்கவே முடியாத வேதனை.

ஜூலியாவை இயக்கும் ஸ்டேசி கார்டனின் மகனுக்கும் ஆட்டிசம். அவன் செய்கைகளைக் கூடப்படித்த பிள்ளைகள் முன்பே டிவியில் பார்த்திருந்தால், வகுப்பில் பயந்திருக்க மாட்டார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். கையை உதறுவதைக் காட்டுவதற்கென்றே அந்தப் பொம்மைக்கு இன்னொரு ஜோடிக் கைகள் செய்தார்கள்.

2017-லேயே பிரிட்டனில் 'பாப்லோ' என்ற சிறுவர் தொடர் வந்தது. அதன் நாயகனே ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன். 2022-ல் தாமஸ் ரயில் கார்ட்டூனில் ஆட்டிசம் உள்ள பாத்திரமாக புரூனோ என்ற பிரேக் வண்டி சேர்ந்தது. அதற்குக் குரல் கொடுத்ததும் ஆட்டிசம் உள்ள சிறுவர்களே.

செசமி ஸ்ட்ரீட்டின் இந்திய வடிவமான 'கலி கலி சிம் சிம்' 2006-லேயே இந்தியில் தொடங்கிவிட்டது. தமிழிலோ, 2007-ல் வந்த சுட்டி டிவியில் டோரா என்ற கார்ட்டூன் சிறுமி தமிழ் பேசினாள், வீட்டுக்கு வீடு செல்லப்பிள்ளையானாள். 2019-ல் தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. மேலூர், உசிலம்பட்டிப் பிள்ளைகளும் பார்க்கிற அந்தத் திரையில், நம்மூர்ப் பேச்சு பேசும் ஒரு ஜூலியாவைக் கொண்டுவர வேண்டும்.