மலைக்கு எல்லோரும் ஒன்றுதான்!

காலை ஏழு மணி. மேட்டுப்பாளையம் ரெயில் நிலையத்தில் ஊட்டி ரெயில் புறப்படத் தயாராக நிற்கிறது. மற்ற ரெயில்களில் என்ஜின் முன்னால் நின்று இழுக்கும். இங்கோ பின்னால் நின்று தள்ளும். மலை ஏறும் வேடிக்கை ரெயில் அல்லவா!

பெட்டிகளில் புதுமணத் தம்பதிகள் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பேரன் பேத்திகளோடு தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் விரும்பும் இரண்டு ஆண்கள் இருக்கலாம். இரண்டு பெண்கள் இருக்கலாம். ஒரு திருநங்கையும் இருக்கலாம்.

ஊட்டிக் குளிருக்கு எல்லோரும் கம்பளி எடுத்துச் செல்கிறார்கள். இவர்கள் கம்பளியோடு ஒரு கவலையையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். "அங்கே நமக்கு அறை கொடுப்பார்களா?" என்பதே அந்தக் கவலை.

ஆணை விரும்பும் ஆணையும், பெண்ணை விரும்பும் பெண்ணையும் "தன்பாலீர்ப்பாளர்" என்று இப்போது சொல்கிறார்கள். இழிவான பழைய சொற்களை ஒதுக்கிவிட்டு, மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022-ம் ஆண்டு அரசிதழில் வெளியிட்டது. "திருநங்கை", "திருநம்பி" என்ற சொற்கள் அதற்கு முன்பே மக்கள் பேச்சில் பழகிவிட்டன.

சொல் மாறிவிட்டது. ஊர் மாறிவிட்டதா? மலை ஏறிப் பார்ப்போம்.

டிக்கெட்டில் ஒரு கட்டம்

முதலில் டிக்கெட். முன்பதிவுத் தாளில் "ஆண்", "பெண்" என்று இரண்டே கட்டங்கள் இருந்த காலம் உண்டு. திருநங்கை எதை நிரப்புவார்? எதை நிரப்பினாலும் பரிசோதகரின் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மூன்றாம் பாலினத்தவரின் உரிமையைச் சுப்ரீம் கோர்ட்டு 2014-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந்தேதி அங்கீகரித்தது. அதன் பிறகு, 2016-ம் ஆண்டில், ரெயில்வே முன்பதிவுத் தாளில் அவர்களுக்கும் ஓர் இடம் வந்தது.

திருநங்கையருக்குப் பிரயாணம் புதிது அல்ல. ஒவ்வோர் ஆண்டும் சித்திரையில் கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்துக் கூத்தாண்டவர் கோவிலுக்கு எங்கெங்கிருந்தோ வந்து கூடுகிறார்கள். அது சாமியைத் தேடிப் போகும் பிரயாணம். வேண்டுதல் எதுவும் இல்லாமல், மலையையும் மேகத்தையும் பார்த்துவிட்டு வரப் போகும் பிரயாணம்தான் அவர்களுக்கு அரிதாக இருந்தது.

குன்னூருக்கு வந்த ஓவியர்

கல்லாறு தாண்டியதும் பல் சக்கரம் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கிறது. மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி வரை 46 கிலோ மீட்டர். வழியில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 1899-ம் ஆண்டு குன்னூர் வரையிலும், 1908-ம் ஆண்டு ஊட்டி வரையிலும் இந்த ரெயில் ஓடத் தொடங்கியது. 2005-ம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது.

ரெயில் வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பு, 1874-ம் ஆண்டில், எட்வர்டு லியர் என்ற ஆங்கிலேயர் நீலகிரிக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 62. ஓவியர்; குழந்தைகளுக்கு வேடிக்கைப் பாட்டு எழுதிப் புகழ் பெற்றவர். விக்டோரியா மகாராணிக்குச் சித்திரம் சொல்லிக் கொடுத்தவர். ஆஸ்துமாவும் காக்காய் வலிப்பும் அவரை வாட்டின. அப்படியும் இமயமலை முதல் இலங்கை வரை சுற்றினார். குன்னூரிலும் ஊட்டியிலும் உட்கார்ந்து மலையை வரைந்தார்.

லியர் கல்யாணம் செய்து கொள்ளவில்லை. பிராங்க்ளின் லஷிங்டன் என்ற நண்பரோடு 1849-ம் ஆண்டு கிரேக்க நாட்டில் சுற்றினார். அந்த நண்பர் மீது அவர் கொண்ட அன்பு, நட்பைக் கடந்தது என்றும், அதை வெளியே சொல்ல முடியாமல் மனதிலேயே பூட்டி வைத்திருந்தார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் பலர் கருதுகிறார்கள். இங்கிலாந்தில் அன்று அது தண்டனைக்கு உரிய குற்றம்.

இந்தியப் பயணம் முழுவதும் அவருக்குத் துணையாக வந்தவர் ஜியார்ஜியோ என்ற வேலைக்காரர். லியர் 1888-ம் ஆண்டு இத்தாலியில் இறந்தார். இந்தியாவில் அவர் வரைந்த படங்களில் பல, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. மனிதர் ஒளித்து வைத்த அன்பை மலையும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

குன்னூரின் அழகுக்குப் பேர் போன சிம்ஸ் பூங்கா உருவானதும் அதே 1874-ம் ஆண்டில்தான்.

ஓட்டல் நோட்டுப் புத்தகம்

ஊட்டி வந்துவிட்டது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,350 அடி. இறங்கியதும் முதல் வேலை, தங்கும் இடம் தேடுவது.

ஓட்டல் மேஜை மீது பெரிய நோட்டு இருக்கிறது. பெயர், ஊர், எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள்? கடைசியில் வாய்மொழியாக ஒரு கேள்வி: "நீங்கள் இரண்டு பேரும் என்ன உறவு?"

இரண்டு ஆண்கள் வந்தால் "நண்பர்கள்" என்று ஓட்டல்காரரே நினைத்துக் கொள்கிறார். "ஒரே கட்டில் போதும்" என்று சொன்னால்தான் புருவம் உயர்கிறது. திருநங்கை வந்தால், சாவிகள் வரிசையாகத் தொங்கிக் கொண்டிருக்கும் போதே "அறை இல்லை" என்ற பதில் வருவது உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

1860-ம் ஆண்டு வெள்ளைக்காரர்கள் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, தன்பாலீர்ப்பாளரைக் குற்றவாளிகள் ஆக்கியது. 2018-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பு அளித்தார்கள். வயது வந்த இருவர் மனம் ஒப்பித் தனிமையில் பழகுவது குற்றம் அல்ல என்றார்கள். 158 ஆண்டுகளாக இருந்த களங்கம் நீங்கியது.

மறு ஆண்டு, நீலகிரியின் வாசலான கோவையில் ஒரு சம்பவம். கல்யாணம் ஆகாத ஜோடி தங்கியிருந்தது என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, ஒரு விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஓட்டல் அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று 2019-ம் ஆண்டு டிசம்பரில் ஐகோர்ட்டு கூறியது. விடுதியைத் திறக்கவும் உத்தரவிட்டது.

அது ஆண்-பெண் ஜோடி பற்றிய வழக்கு. என்றாலும் அதில் எல்லோருக்கும் ஒரு செய்தி இருக்கிறது. தாலியைக் காட்டினால்தான் சாவி என்பது சட்டம் அல்ல, வெறும் வழக்கம்தான்.

திருநங்கையர், திருநம்பியருக்கு இன்னும் தெளிவான பாதுகாப்பு வந்தது. 2019-ம் ஆண்டு பாராளுமன்றம் இயற்றிய சட்டம், பொதுமக்களுக்கு உரிய தங்கும் இடங்களையும் சேவைகளையும் அவர்களுக்கு மறுக்கக் கூடாது என்று சொன்னது. பொது இடத்துக்குள் வரவிடாமல் தடுத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை என்றும் விதித்தது.

தன்பாலீர்ப்பாளருக்கு இப்படி ஒரு தனிச் சட்டம் வரவில்லை. 2018-ம் ஆண்டுத் தீர்ப்பு, குற்றம் என்ற பட்டத்தை நீக்கியது. ஓட்டல்காரரின் மனத் தயக்கத்தை எந்தத் தீர்ப்பால் நீக்க முடியும்?

போலீசில் புகார் கொடுத்தால்?

ஓட்டலை விடப் பெரிய பயம் ஒன்று உண்டு. வீட்டார் தேடி வருவார்களோ என்பதுதான் அது.

மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். வீட்டில் எதிர்ப்பு. இருவரும் சென்னைக்குப் பிரயாணம் ஆனார்கள். "பெண்ணைக் காணோம்" என்று பெற்றோர் புகார் கொடுத்தார்கள். போலீசார் தேடினார்கள். பெண்கள் பாதுகாப்புக் கேட்டு ஐகோர்ட்டுக்குப் போனார்கள்.

வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஓர் அபூர்வமான காரியம் செய்தார். இந்த விஷயம் தமக்குச் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக் கொண்டார். மனநல நிபுணரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிறகு 2021-ம் ஆண்டு ஜூன் 7-ந்தேதி உத்தரவிட்டார். காணாமல் போனதாகச் சொல்லப்படுபவர்கள் வயது வந்தவர்கள், தம் விருப்பப்படியே சேர்ந்து இருக்கிறார்கள் என்று தெரிந்தால், போலீசார் வாக்குமூலம் வாங்கிக் கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும். தொல்லை செய்யக் கூடாது. இதுவே உத்தரவின் சாரம்.

2023-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு, தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் அளிக்க மறுத்துவிட்டது. ஆனால் கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பது அல்ல என்று 2025-ம் ஆண்டு மே மாதம் சென்னை ஐகோர்ட்டு கூறியது.

காட்டுக்குள் நடக்கலாம்

இனி மலை நடை. தொட்டபெட்டா 8,650 அடி உயரம். தமிழ்நாட்டில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. உச்சி வரை கார் போகிறது. நடப்பதில் ஆசை உள்ளவர்களுக்கு அது போதாது. கோத்தகிரிப் பக்கம் லாங்வுட் சோலை இருக்கிறது. அவலாஞ்சியும் முக்குறுத்தியும் இருக்கின்றன. புல்வெளிச் சரிவில் வரையாடு நின்று திரும்பிப் பார்க்கும் காட்சியை ஒரு முறை கண்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் நினைத்தபடி காட்டுக்குள் நுழைந்துவிட முடியாது. 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் பலர் மாண்டார்கள். அதன் பிறகு விதிகள் கடுமையாயின. 2024-ம் ஆண்டு அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளுக்கு முன்பதிவு முறையைக் கொண்டு வந்தது. நீலகிரிப் பாதைகளும் அதில் உண்டு. வழிகாட்டியாகக் காட்டை அறிந்த உள்ளூர்வாசிகள் வருகிறார்கள்.

அடையாளச் சீட்டும், நடக்கும் தெம்பும் இருந்தால் சரி. கூட வருபவர் உங்களுக்கு யார் என்பது அங்கே கேள்வி அல்ல. அட்டை கடித்தால் உப்பு எங்கே, ஆற்றைக் கடக்கக் கை கொடுப்பது யார், இவைதான் அங்கே கேள்விகள்.

எவரெஸ்டில் ஒரு நிருபர்

1953-ம் ஆண்டு எவரெஸ்ட் குழுவோடு லண்டன் "டைம்ஸ்" பத்திரிகை நிருபர் ஜேம்ஸ் மாரிஸ் சென்றார். மலையேறிப் பழக்கம் இல்லாதவர். அப்படியும் 22,000 அடி வரை ஏறினார். மே 29-ந்தேதி டென்சிங்கும் ஹில்லாரியும் உச்சியை மிதித்தார்கள். செய்தியைப் போட்டிப் பத்திரிகைகள் தட்டிப் பறித்துவிடக் கூடாதே! "பனி நிலைமை மோசம்" என்று தொடங்கும் ரகசியச் சங்கேதத்தில் எழுதி அனுப்பினார். எலிசபெத் மகாராணி முடிசூடிய ஜூன் 2-ந்தேதி காலையில் அது உலகம் எங்கும் பரவியது.

அந்த வீர நிருபரின் மனதில் சிறு வயது முதல் ஒரு ரகசியம் இருந்தது. தாம் ஒரு பெண் என்பதே அது. 1972-ம் ஆண்டு அறுவை சிகிச்சை செய்து கொண்டு ஜேன் மாரிஸ் ஆனார். அதன் பிறகும் ஊர் ஊராகச் சுற்றிப் பயண நூல்கள் எழுதினார். 94 வயது வரை வாழ்ந்து 2020-ம் ஆண்டு மறைந்தார். எவரெஸ்டுக்கு ஏறிய கால்களும், பெண்ணாக உலகம் சுற்றிய கால்களும் ஒன்றே!

இறங்கும் வழியில்

அமெரிக்காவில் 1960-களில் பாப் டாம்ரன் என்பவர், தன்பாலீர்ப்பாளர் பயம் இல்லாமல் போகக் கூடிய இடங்களைத் தொகுத்து, சட்டைப் பையில் அடங்கும் ஒரு சிறு புத்தகம் போட்டார். கையோடு கை மாறிப் பரவியது. இப்போது நம் ஊரிலும் நண்பர்கள் ஒருவருக்கு ஒருவர் கைபேசியில் அதே விவரத்தைத்தான் சொல்லிக் கொள்கிறார்கள்: "அந்த விடுதியில் கேள்வி கேட்க மாட்டார்கள்."

பிரயாணம் போகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்து, எத்தனை பேர், எத்தனை கட்டில் என்று சொல்லி அறையை உறுதி செய்து கொள்வது நல்லது. இருவருமே அடையாளச் சீட்டை எடுத்துச் செல்ல வேண்டும். இருட்டிய பிறகு முன்பின் தெரியாத ஊரில் அறை தேடி அலையக் கூடாது.

ஓட்டல் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடையாளச் சீட்டைப் பாருங்கள், பணத்தை வாங்குங்கள், சாவியைக் கொடுங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

அரசு பஸ்களில் பெண்களுக்கு வந்த இலவசப் பிரயாணம் 2021-ம் ஆண்டு திருநங்கையருக்கும் கிடைத்தது. மலைப் பகுதி அதில் விடுபட்டிருந்தது. நீலகிரிக்கும் அதை நீட்டிப்பதாக 2024-ம் ஆண்டு பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால், தேயிலைத் தோட்டம் பச்சைப் படிக்கட்டாக இறங்கிப் போவதைப் பார்த்துக் கொண்டே வரலாம்.