முன்வளைவும் உடலளவும்

யோகாசனங்களுள் முன்னோக்கி வளைபவை பார்வைக்கு எளியவை. பயிலும்போதுதான் அவற்றின் கடுமை புலப்படும். கால்களை நீட்டி அமர்ந்து, கைகளால் கால்விரல்களைப் பற்றி, நெற்றியை முழங்காலில் பதித்தல் பச்சிமோத்தானாசனம் என்று 'ஹட யோகப் பிரதீபிகை' இலக்கணம் வகுக்கிறது. நின்றவாறு குனிந்து செய்வது பாதஹஸ்தாசனம். 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21ஆம் நாள் உலக யோகா நாளாகக் கொண்டாடப்படுவதால், மைதானங்களில் பலநூறு பேர் ஒரே கட்டளைக்கு ஒருசேரக் குனியும் காட்சி நமக்குப் பழகிவிட்டது. அவ்வரிசையில் சிலர் உள்ளங்கையைத் தரையில் ஊன்றுவர். சிலருக்குக் கை கணுக்காலையும் எட்டாது. எட்டாதவரை 'உடல் வளையாதவர்' என்று சொல்லிவிடுகிறோம். அது முற்றிலும் சரிதானா?

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். ஒரே உயரமுள்ள இருவரைக் கொள்வோம். ஒருவருக்கு இடுப்பு மூட்டிலிருந்து தோள் வரை 55 செ.மீ., கை 75 செ.மீ., கால் 85 செ.மீ. மற்றவருக்கு முறையே 46, 66, 94 செ.மீ. இருவரும் கால் நீட்டி அமர்ந்து, முதுகை நிமிர்த்தியபடியே இடுப்பில் மடிகின்றனர். முதலாமவர் செங்குத்து நிலையிலிருந்து ஏறத்தாழ 30 பாகை சாய்ந்தாலே பாதத்தைத் தொட்டுவிடுவார். இரண்டாமவர் 50 பாகை சாய வேண்டும். தசைகளின் நெகிழ்ச்சி இருவருக்கும் ஒன்றே எனினும், ஒருவர் வல்லவராகவும் மற்றவர் சோம்பேறியாகவும் தோன்றுவர். பிழை உடலில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது.

நெற்றி முழங்காலில் படவேண்டும் என்பதும் இத்தகையதே. இடுப்பிலிருந்து முழங்கால் வரையுள்ள தொலைவைவிட, இடுப்பிலிருந்து நெற்றி வரையுள்ள தொலைவு பெரும்பாலோர்க்கு மிகுதி. எனவே முதுகு நிமிர்ந்திருக்க முழுவதும் மடிபவருக்கு நெற்றி முழங்காலைக் கடந்து கணைக்காலில்தான் படியும். முழங்காலிலேயே பதிக்க முயல்பவர் முதுகைக் கூனாக்கியே ஆகவேண்டும். நூலின் சொல்லை அப்படியே பற்றிக்கொள்வது ஆசனத்தின் பயனைக் கெடுக்கக்கூடும் என்பது நம் கருத்து.

வளரும் பருவத்தில் உடலைவிடக் கால்கள் முந்தி நீள்கின்றன. நேற்று வரை விரலைத் தொட்ட சிறுவன் பதின்மூன்று, பதினான்கு வயதில் தொட முடியாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம். உடற்கல்வித் துறையினர் கையாளும் 'அமர்ந்து எட்டும் சோதனை' 1952இல் வெல்ஸ், டில்லன் ஆகியோரால் வெளியிடப்பட்டது. கை, கால் நீளங்கள் அதன் முடிவைப் பாதிப்பதைக் கண்டு, ஒவ்வொருவரும் அமர்ந்த நிலையில் கை எட்டும் இடத்தையே தொடக்கப் புள்ளியாகக் கொள்ளும் திருத்திய முறையையும் பிற்காலத்தார் வகுத்தனர். நம் பள்ளிகளில் மதிப்பெண் இடுவோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

இக்கருத்துக்குத் திருவரங்கத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்து, அரங்கன் கோயிலில் இசையோடு ஓதச் செய்தவர் என வைணவ மரபு போற்றும் நாதமுனிகள் யோகியாகவும் கருதப்படுபவர். அவர் வழிவந்தவராகத் தம்மைக் கருதிய திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888-1989), நாதமுனிகள் அருளியதாகக் கூறி 'யோக ரகசியம்' என்னும் நூலைக் கற்பித்தார். பயில்வோரின் வயது, உடல்நிலை, தொழில் ஆகியவற்றுக்கேற்ப யோகம் மாறவேண்டும் என்பது அவர் பிற்காலத்தில் சென்னையில் வலியுறுத்திய நெறி. அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் அதனை வளர்த்தது. மற்றொரு மாணாக்கரான பி.கே.எஸ். ஐயங்கார் வார், கட்டை, மடித்த கம்பளி ஆகியவற்றைத் துணைக்கருவிகளாக்கினார். பதஞ்சலியும் ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருத்தல் வேண்டும் என்றாரேயன்றி, விரலைத் தொடவேண்டும் என்றாரல்லர். அவரது யோக நூலைப் பதினோராம் நூற்றாண்டிலேயே அல்பிரூனி அரபு மொழியில் ஆக்கினார் என்பது நம் மாணவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

தொழுகையின் ருகூஉ நிலையும் ஒரு முன்வளைவே. அது வழிபாடு, உடற்பயிற்சியன்று. இரண்டையும் ஒன்றாக்குவது நம் நோக்கமுமன்று. ஆயினும் நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்ற சலுகை நம் பெரியோர் நன்கறிந்ததே.

இனிச் செயல்முறைக்கு வருவோம். தொடையின் பின்தசைகள் இடுப்பெலும்பின் அடிப்பகுதியில் தொடங்கி முழங்காலைக் கடந்து இணைகின்றன. அவை இறுக்கமாயின், இடுப்பெலும்பு முன்னோக்கிச் சாயாது. அக்குறையை ஈடுசெய்யக் கீழ்முதுகு வளையும். முழங்காலைச் சற்றே மடக்கினால் அத்தசைகள் தளரும், இடுப்பு சாயும். கால் நீண்டவரும் தசை இறுகியவரும் ஒரு போர்வையை நான்காய் மடித்து அதன் விளிம்பில் அமர்வது பெரிதும் உதவும். கை குறுகியவர் துண்டொன்றைப் பாதத்தில் கோத்து இரு முனைகளையும் பற்றலாம். உடல் நீண்டவர்க்கு வேறொரு சிக்கல்: கை எளிதில் எட்டிவிடுவதால், இடுப்பு மடியாமலேயே ஆசனம் முடிந்ததென எண்ணிவிடுவர். அவர் விரலை மறந்து, அடிவயிறு தொடையை நெருங்குகிறதா என்று பார்க்கவேண்டும். காவிரிக்கரை வயல்களில் நாற்று நடும் பெண்கள் இடுப்பில் மடிந்து நெடுநேரம் வேலை செய்வதைக் கண்டவர்க்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்.

இடுப்பு மூட்டின் குழியமைப்பும் ஆளுக்கு ஆள் வேறுபடும். எலும்போடு எலும்பு முட்டும் இடத்தில் எத்தனை ஆண்டு பயின்றாலும் மேலும் மடியாது. முதுகில் ஏறி அமர்ந்தோ, கையால் அழுத்தியோ மாணவரை வளைக்கும் வழக்கம் ஆகவே கண்டிக்கத்தக்கது. முதுகெலும்பு வட்டு பிதுங்கியவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவ்வாசனங்களைச் செய்தலாகாது. எலும்பு மெலிந்த முதியோர் கூனிக் குனிந்தால் முள்ளெலும்பு நொறுங்கும் அபாயமும் உண்டு. அவர்கள் நாற்காலியில் அமர்ந்து, எதிரே உள்ள மேசைமேல் கைகளை நீட்டி, முதுகு நிமிர்ந்திருக்க இடுப்பில் சிறிதளவே சாய்ந்து, ஐந்தாறு முறை மெல்ல மூச்சு விட்டு எழலாம்.