கழித்தல் குறி ஒன்று குறுக்கே நின்றால்

சென்னை கணிதவியல் கழகத்துக்குக் கடிதம் போட்டால், முகவரி சிறுசேரி சிப்காட், கேளம்பாக்கம் 603103 என்று முடியும். 2005 முதல் கழகம் அங்கே மென்பொருள் கட்டடங்களுக்கு நடுவில் இருக்கிறது. சாலையில் போகிறவர்கள் அதையும் ஏதோ ஒரு கம்பெனி என்று நினைத்தால் வியப்பில்லை. 1989-இல் இதைத் தொடங்கிய சி. எஸ். சேஷாத்ரி, அதற்கு 31 ஆண்டுகள் முன்பே, பல்லுறுப்புக் கோவைகளைப் பற்றி ழான்-பியர் செர் எழுப்பிய பெரிய கேள்விக்கு இரண்டு மாறிகள் வரை விடை கண்டவர். டாடா ஆய்வு நிறுவனத்தில் ஓய்வுபெற்றபின் இங்கே பேராசிரியராக இருந்த ஆர். ஸ்ரீதரனோ, பெருக்கலில் பரிமாற்றுப் பண்பு இல்லாத எண்களுக்குப் போனால் அதே முடிவு நிற்காது என்று 1971-இல் மானுவேல் ஒஹாங்குரனுடன் சேர்ந்து காட்டியவர். ஒருவர் கட்டியதன் எல்லையை இன்னொருவர் அளந்தார். பிறகு இருவரும் ஒரே வளாகத்தில் பாடம் நடத்தினார்கள்.

பரிமாற்றுப் பண்பு இல்லாத எண்கள் என்றால் முதலில் ஹாமில்டனின் குவாட்டர்னியன்கள்தான். 1843-இல் டப்ளினில் அவர் கண்ட i, j, k மூன்றையும் தனித்தனியே வர்க்கப்படுத்தினால் −1 வரும். i-ஐ j-ஆல் பெருக்கினால் k. வரிசையை மாற்றினால் −k. நான்கு பரிமாணம் கொண்ட இந்த அமைப்பும், பள்ளியில் படித்த சதுர அணிகளும் ‘மத்திய எளிய இயற்கணிதம்’ என்ற ஒரே வகை. உள்ளே சிறு கூறுகளாக உடையாது. எதனோடும் வரிசை மாற்றிப் பெருக்கத்தக்கவை சாதாரண எண்கள் மட்டுமே.

இந்த அமைப்புகளுக்குள் ஒரு புரட்டல் உண்டு. அணியின் நிரைகளை நிரல்களாக்குகிறோம் அல்லவா, அதுதான். இரண்டு முறை செய்தால் பழையபடி ஆகிவிடும். பெருக்கலின் வரிசையை மட்டும் தலைகீழாக்கும். இப்படிப்பட்டதை இன்வொலூஷன் என்கிறார்கள். 4×4 அணிகள் 16 பரிமாணம் கொண்டவை. நிரை-நிரல் மாற்றத்தில் 10 பரிமாணம் அப்படியே நிற்கும், 6 பரிமாணம் குறி மாறும். நிற்பது அதிகமானால் அது செங்குத்து வகை. குவாட்டர்னியனில் i, j, k மூன்றின் குறியையும் மாற்றினால் 1 நிற்கும், 3 மாறும். ஆகவே அது எதிர் வகை.

இப்போது ஒரு வேடிக்கை. எதிர் வகையைச் சேர்ந்த குவாட்டர்னியன் அமைப்புகள் இரண்டை டென்சர் முறையில் பெருக்குங்கள். நிற்பவை 1×1 + 3×3, அதாவது 10. மாறுபவை 6. செங்குத்து வகை வந்துவிட்டது! உண்மையில் அது மெய்யெண் 4×4 அணிகளேதான், புரட்டலும் நமக்குத் தெரிந்த நிரை-நிரல் மாற்றமேதான். அப்படியானால் 16 பரிமாணச் செங்குத்து வகை எல்லாமே இப்படி இரண்டு நான்குகளாகப் பிரியுமா?

பிரியாது. எப்போது பிரியும் என்பதை 1991-இல் சொன்னவர்கள் மூவர்: சூரிச்சின் மாக்ஸ்-ஆல்பர்ட் க்னூஸ், ஸ்ரீதரன், ஸ்ரீதரனின் மாணவி ஆர். பரிமளா. பரிமளா மயிலாடுதுறையில் பிறந்து, சென்னை ஸ்டெல்லா மாரிஸில் படித்து, 2010-இல் ஹைதராபாத் உலகக் கணித மாநாட்டில் முழு அமர்வில் உரையாற்றியவர். பழைய மாமல்லபுரம் சாலையோரத் தர்பூசணிக் கடைக்காரர் பழத்தை வெட்டாமல் தட்டியே உள்ளே எப்படி என்று சொல்வதுபோல, அமைப்பைப் பிரிக்காமலே சோதிக்க அவர்களுக்கு ஒரே ஓர் எண் போதுமாக இருந்தது.

அந்த எண் தன்மைக்காட்டி. புரட்டும்போது குறி மாறும் அணிகளில், அணிக்கோவை பூச்சியமாகாத ஏதாவது ஒன்றை எடுத்து, அதன் அணிக்கோவையைக் கணக்கிடுங்கள். விடை ஒரு முழு வர்க்கமானால் அமைப்பு இரண்டாகப் பிரியும். இல்லையென்றால் பிரியவே பிரியாது. எந்த அணியை எடுத்தாலும் முடிவு மாறாது என்பதுதான் அழகு. சாதாரண 4×4 எதிர் சமச்சீர் அணியின் அணிக்கோவை எப்போதும் முழு வர்க்கம்; ஆகவே பிரிகிறது.

நீளத்தை x² + y² + z² + w² என்று அளக்கும் வெளிக்கு உரியது இந்த நிரை-நிரல் புரட்டல். கடைசிக் கூட்டலைக் கழித்தலாக்கினால் மின்கோவ்ஸ்கியின் காலவெளி கிடைக்கும், அதாவது ஐன்ஸ்டைனின் சார்பியல் நடக்கும் மேடை. அதன் புரட்டலுக்குத் தன்மைக்காட்டி −1. மெய்யெண்களில் −1 வர்க்கமல்ல. எனவே காலவெளியின் இன்வொலூஷனைப் பிரிக்க வழியில்லை. ஒரே ஒரு கழித்தல் குறி! சிக்கலெண்களை அனுமதித்த கணமே −1 வர்க்கமாகிவிடும், பூட்டும் திறந்துவிடும். இயற்பியலாளர்கள் நாற்பரிமாணச் சுழற்சிகளை இரண்டு சுழற்சிகளாக உடைப்பதும், லோரன்ட்ஸ் மாற்றங்களில் அதைச் செய்யச் சிக்கலெண்களைத் தேடுவதும் இதே காரணத்தால்தான்.

இரண்டு கழித்தல் குறி வைத்தால்? தன்மைக்காட்டி மறுபடி 1. நான்கும் கூட்டலாக உள்ள அமைப்பிலிருந்து இதை அந்த எண் வேறுபடுத்தாது. அடுத்த படிக்குப் போக வேண்டும். அங்கே கிளிஃபர்டு மாறாக்குறி இருக்கிறது: ஒன்றில் ஹாமில்டனின் குவாட்டர்னியன்கள் வெளிப்படும், மற்றதில் 2×2 அணிகள். தன்மைக்காட்டியும் இந்த மாறாக்குறியும் கோஹோமாலஜி என்ற ஏணியின் முதல் இரண்டு படிகள். எட்டுப் பரிமாண வெளியில் எட்டும் கூட்டல் ஒரு பக்கம், நான்கு கூட்டல் நான்கு கழித்தல் மறுபக்கம் என்று வைத்தால் இரண்டு படிகளும் கைவிரித்துவிடும். மூன்றாம் படியில் அராசன் மாறாக்குறிதான் அவற்றை வேறுபடுத்துகிறது.

x² + y² போன்ற இருபடி வடிவங்களுக்கு இந்த ஏணி எவ்வளவு உயரத்துக்கும் போகும். மில்னர் 1970-இல் ஊகித்ததை வோவோட்ஸ்கியும் கூட்டாளிகளும் நிரூபித்தார்கள். இன்வொலூஷன்களுக்கு அந்த வசதி இல்லை. வடிவம் முழுவதையும் ஓர் எண்ணால் பெருக்கினாலும் இன்வொலூஷன் மாறாது. அது வடிவத்தின் ஒரு தகவலை மறந்துவிட்ட நிழல். அராசன் மாறாக்குறியை எல்லா இன்வொலூஷன்களுக்கும் நீட்ட முடியாது என்பது 2003-இல் இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் ஏவா பாயர்-ஃப்ளூக்கிகர், பரிமளா, ஆன் கெகினே-மாத்யூ மூவரும் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. சில வகைகளுக்கு மட்டும் முடியும். அவற்றில் 8×8, 12×12 அணிகளின் அளவுள்ள அமைப்புகளுக்கு அந்த மாறாக்குறியை 2015-இல் கெகினே-மாத்யூவும் ழான்-பியர் டின்யோலும் கணக்கிட்டுப் பார்த்தார்கள்.