மானியம் என்றாலே வட்டிதானா? சிறுதொழில் செய்வோர் கேட்டுப் பெற வேண்டிய சலுகைகள்

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சகோதரர் வந்தார். நைட்டி தைக்கும் சிறிய யூனிட் ஒன்று போட நினைத்திருந்தார். "ஹஜ்ரத், மாவட்டத் தொழில் மையத்துல மானியம் தர்றாங்களாம். வாங்கிக்கலாமா?" என்று கேட்டார். மக்தப் பிள்ளைகள் வரும் நேரம். "அதெல்லாம் வட்டிக் கடன்ப்பா, வேணாம்" என்று ஒரே வரியில் சொல்லி எழுந்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து துஆ செய்யச் சொல்லி மறுபடியும் வந்தார். மனைவியின் நகையை விற்று ஆறு தையல் இயந்திரங்கள் வாங்கியிருக்கிறார். மின் இணைப்புக்கும் துணிக்கும் பணம் போதாமல், தெருவில் வார வட்டிக்குக் கொடுப்பவரிடம் வாங்கிவிட்டார். வட்டி வேண்டாம் என்று நான் அனுப்பிவைத்த மனிதர், அதைவிடப் பன்மடங்கு கொடிய வட்டியில் போய் விழுந்திருந்தார்.

அதன்பிறகுதான் இந்தச் சலுகைகளை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினேன். மதரஸாவில் பல ஆண்டுகள் ஓதியிருக்கிறேன், கல்லூரியில் பி.ஏ.வும் முடித்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் உத்யம் பதிவைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. படித்துப் பார்த்தபோது தெரிந்த உண்மை இதுதான்: சிறுதொழிலுக்கு அரசு தரும் சலுகைகளில் பெரும்பகுதிக்கும் வட்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வட்டி கலந்தது ஒரு பகுதி மட்டுமே. அந்த ஒரு பகுதிக்குப் பயந்து முழுவதையும் விட்டுவிடுகிறோம்.

முதலில் வருமான வரி. "நமக்கெல்லாம் எதுக்கு ரிட்டர்ன்?" என்பதுதான் நம் கடைத்தெருக்களில் வழக்கமான பேச்சு. சிறு வியாபாரி முழுக் கணக்குப் புத்தகம் எழுதி ஆடிட்டரிடம் தணிக்கை செய்ய வேண்டியதில்லை என்று சட்டமே வழி வைத்திருக்கிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு 44ஏடி என்று பெயர். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய சட்டத்தில் பிரிவு எண்தான் மாறுகிறது, ஏற்பாடு தொடர்கிறது. ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வரலாம். ரொக்கமாக வருவது மொத்த வரவில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 3 கோடி வரை. ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தையும், வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வந்ததில் 6 சதவீதத்தையும் லாபமாகக் காட்டினால் போதும்.

ராசிபுரத்தில் ஒருவர் கோழிக்கறிக்கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 60 லட்சம். அதில் ரொக்கம் 40 லட்சம், ஜிபே, போன்பே வழியாக 20 லட்சம். ரொக்கத்துக்கு 3,20,000, மற்றதற்கு 1,20,000. ஆக, லாபம் 4,40,000 ரூபாய். 2025-26ஆம் நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வருமானம் வரை தள்ளுபடி கிடைப்பதால், இவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். ஆனால் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டுவதால் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். வரி இல்லை என்பதும் ரிட்டர்ன் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. நம்மில் பலர் குழம்புவது இங்கேதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 8 சதவீதம், 6 சதவீதம் என்பது குறைந்தபட்ச அளவு. அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்திருந்தால் கூடுதலாகக் காட்ட வேண்டும். கோழிக்கறியில் லாபம் குறைவு, அந்த அளவு பொருந்தும். கையில் 20 சதவீதம் மிஞ்சுகிற தொழிலில் 8 என்று எழுதிவிட்டு, "சட்டம் அனுமதிக்குதே ஹஜ்ரத்" என்பவருக்கு என் பதில், அமானிதம் என்ற சொல்லை அவர் மறந்துவிட்டார் என்பதுதான்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பிரிவு உண்டு, 44ஏஇ. சரக்கு வண்டி பத்துக்கு மேல் போகாதவரை இதில் வரலாம். மொத்த எடை 12 டன்னைத் தாண்டாத வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானமாகக் கணக்கிடுவார்கள். தாண்டினால் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய். மொத்த எடை 28 டன் கொண்ட ஒரு லாரிக்கு மாதம் 28,000, ஆண்டுக்கு 3,36,000. இரண்டு வண்டி இருந்தால் 6,72,000. வேறு வருமானம் இல்லையென்றால் இதற்கும் புதிய முறையில் வரி வராது. ஃபைனான்ஸ் இல்லாமல் லாரி எடுப்பவர் அரிது என்பது தெரியும், அது வேறு பேச்சு.

ஜிஎஸ்டியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. சேவைக்கு 20 லட்சம். உணவகம் சேவைக் கணக்கில் வருவதால், பிரியாணிக் கடைக்காரர் 40 என்று நினைத்து ஏமாற வேண்டாம், அவருக்கு வரம்பு 20 லட்சம்தான். வரி விலக்குள்ள பொருளை மட்டுமே விற்பவருக்குப் பதிவே வேண்டாம். நாமக்கல் முட்டையும், பாக்கெட் போடாமல் வெட்டி விற்கும் கறியும் அந்த வகை. வரம்பைத் தாண்டியவர்களுக்கு 1.5 கோடி வரை இணக்க முறை இருக்கிறது. கடைக்காரரும் உற்பத்தியாளரும் விற்பனையில் 1 சதவீதம், உணவகம் 5 சதவீதம் கட்டினால் போதும். ஆனால் அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது, வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கவும் கூடாது.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவைப் பார்த்து சிறு வியாபாரிகளுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகள் கியூஆர் கோடு அட்டையைக் கழற்றின. அந்தப் பயம் நம் ஊருக்கும் வந்தது. விலக்குள்ள பொருளை விற்பவருக்கு அந்தப் பயம் தேவையே இல்லை. என்ன விற்றோம் என்பதற்குக் கையில் ஒரு கணக்கு இருந்தால் போதும். குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா 282, கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. ஜும்ஆவில் நாங்களே அதை அடிக்கடி ஓதுகிறோம். நம் கடைகளில் கணக்கு இன்னும் காலண்டர் தாளின் பின்பக்கம்தான்.

அடுத்தது உத்யம் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசின் தளத்தில் இலவசமாகச் செய்யலாம். அதே போன்ற தோற்றத்தில் பணம் கேட்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன, கவனம். இயந்திர முதலீடு 2.5 கோடி, விற்பனை 10 கோடி வரை உள்ளவை குறு நிறுவனங்கள். இது 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள வரம்பு. நம் யூனிட்டுகள், பட்டறைகள் எல்லாமே இதற்குள் அடங்கிவிடும்.

இந்தப் பதிவால் என்ன பயன்? நைட்டி தைத்துக் கொடுத்த சகோதரருக்குக் கடைக்காரர்கள் நான்கு மாதம் வரை பணத்தை இழுத்தடித்தார்கள். அவர் வட்டிக்கு வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு இன்னும் ஒரு பிடி போட்டது. அந்தக் காலக்கெடுவில் கொடுக்காவிட்டால், வாங்கியவர் அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது. உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்கலாம். பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டால், பெரிய கடைக்காரரின் ஆடிட்டரே "இவருக்கு முதலில் கொடுங்கள்" என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. தயாரிப்பவருக்கும் சேவை செய்பவருக்கும் மட்டுமே.

தாமதமானால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. அசல் நம் உரிமை, விடாமல் கேட்கலாம். அந்த வட்டி நமக்கு ஆகாது. கைக்கு வந்துவிட்டால், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே உலமாக்கள் சொல்லும் வழி.

கடன் வாங்காமலே கிடைப்பவை இன்னும் உண்டு. தமிழக அரசு புதிய குறு உற்பத்தி நிறுவனங்களுக்கு, தாழ்வழுத்த மின் கட்டணத்தில் 20 சதவீதத்தை 36 மாதங்களுக்கு மானியமாகத் திருப்பித் தருகிறது. இயந்திர மதிப்பில் 25 சதவீத மூலதன மானியமும் இருக்கிறது. அது கடனை வைத்துக் கணக்கிடப்படுவதல்ல, இயந்திரத்தின் மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுவது. இரண்டுக்கும் மாவட்டத் தொழில் மையத்தில்தான் விண்ணப்பம். இயந்திரம் வாங்கிய பில், மின் இணைப்பு ஆவணம், உத்யம் சான்று ஆகியவை இல்லாமல் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். பில் இல்லாமல் வாங்கினால் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று நினைப்பவர் இங்கே எவ்வளவு இழக்கிறார் என்று யோசிக்கட்டும். அன்று என்னிடம் கேட்ட சகோதரருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இவற்றைத்தான்.

பெண்களுக்கு, குறிப்பாக விதவைகளுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும், மாவட்டந்தோறும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர்தான் தலைவர். நாம் திரட்டும் நன்கொடைக்கு அரசு இணை மானியம் தருகிறது. ஒரு பங்குக்கு இரண்டு பங்கு, ஆண்டுக்கு அதிகபட்சம் 20 லட்சம் வரை. தையல் இயந்திரம் போன்ற தொழில் உதவிகள் இதிலிருந்து போகின்றன, கடனாக அல்ல. ஜமாஅத் ஒரு லட்சம் திரட்டினால் மூன்று லட்சமாகும் வாய்ப்பு இது. ஆனால் எத்தனை மஹல்லாக்களில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறோம்? ஜகாத் பணத்தை இதில் போட வேண்டாம் என்பது என் கருத்து. உரியவர் கையில் அது நேரடியாகச் சேர வேண்டும், இங்கே யாருக்குக் கொடுப்பது என்பதைச் சங்கம்தான் முடிவு செய்யும். ஸதகாவிலிருந்து கொடுக்கலாம்.

இனி வட்டி கலந்த பகுதி. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். சிறுபான்மையினர் சிறப்புப் பிரிவில் வருவதால் நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம் மானியம். மாநில அரசின் யுஒய்இஜிபி திட்டத்தில் 15 லட்சம் வரையிலான தொழிலுக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம். இவற்றில் மானியம் தனியாகக் கிடைக்காது, வங்கிக் கடனோடு சேர்ந்தே வரும். டாம்கோ எனப்படும் சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கடன்களும் குறைந்த வட்டி உள்ளவைதான், வட்டி இல்லாதவை அல்ல. மானியம் அதிகமாக இருப்பதால் வட்டி ஹலாலாகிவிடாது. இதைக் கூடும் என்று நான் சொல்லவில்லை. நிர்ப்பந்தம் உள்ளவர் தம் நிலையை முழுவதும் சொல்லி, நம்பிக்கையான ஆலிமிடம் உட்கார்ந்து கேட்கட்டும். கேட்கப்படும் ஆலிம் என்னைப் போல எழுந்து நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டாம்.

தெருவில் கொடுக்கும் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் தடை செய்திருக்கிறது. வாங்கியவர் போலீசில் புகார் கொடுக்கலாம். நம் சகோதரர் அந்த அளவுக்குப் போகவில்லை. மஹல்லாவில் நான்கு பேர் சேர்ந்து அழகிய கடனாகக் கொடுத்து அந்த வட்டிக் கடனை முடித்தோம்.

பிறகு உத்யம் பதிவு செய்ய நானே அவரோடு உட்கார்ந்தேன். ஆதாரோடு இணைந்திருந்த கைபேசி எண், அவர் எப்போதோ தொலைத்த சிம்முடையது. ஓடிபி வரவில்லை. மறுநாள் ஆதார் சேவை மையத்தில் எண்ணை மாற்றினோம். சில நாட்கள் கழித்துச் சான்று வந்தது. இப்போது அவர் பில் புத்தகத்தில் அந்த எண் அச்சாகியிருக்கிறது. அதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். மூன்று பேரையும் ஆதாரில் எந்த எண் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.